பசை என்பது குண்டூசி: துணியில் எம்பிராய்டரி பேட்ச் பதிக்க முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் பதித்த பேட்ச் மூன்று சலவைதான் தாங்கியது. மகனுடைய ஜீன்ஸ் முழங்காலில் ஓட்டை. இங்கே சிங்கப்பூரில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் கடைத்தொகுதியில் ராக்கெட் படம் போட்ட பேட்ச் ஒன்றை வாங்கி, அட்டையில் இருந்த குறிப்பைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். அழகாக ஒட்டிக்கொண்டது. மூன்றாவது முறை துவைத்து எடுத்தபோது ராக்கெட் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அடியில் இருந்த ஓட்டையோ முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தேக்கா நிலையத்தின் மாடிக்குப் போனேன். அங்கே தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி இருக்குற பசைய குண்டூசின்னு நெனச்சுக்கம்மா. குண்டூசி குத்துனதோட போட்டு யாராவது துவைப்பாங்களா?"

அதற்குப் பிறகு நான் பதித்த பேட்ச்கள் எதுவும் உரியவில்லை. பேட்ச் நகராமல் நிற்கப் பசை. அதைத் தாங்கத் தையல். ஓட்டையை அடைப்பது இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. கீழே சொல்லும் எல்லாமே இந்த வரிசைதான்.

பேட்சைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் எல்லோரும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது பின்பக்கம். பின்பக்கம் பிளாஸ்டிக் தடவியதுபோல் பளபளவென்று, நகத்தால் கீறினால் வழுக்கலாக இருந்தால், அது சூட்டில் உருகி ஒட்டும் பசை. வெறும் துணியோ கீழ்நூலோ தெரிந்தால் அது தைக்க மட்டுமே ஆனது. காகிதத்தை உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் வகையும் உண்டு. ஒருநாள் கூத்துக்கு, பள்ளி நாடகத்துக்கு அது போதும், துவைத்தால் போய்விடும்.

பசை இல்லாத பேட்ச்தான் பிடித்திருக்கிறது என்றால் கவலை வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டும் பசைத்தாள் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். ஒரு பக்கம் காகிதம் இருக்கும். பேட்சைவிடக் கொஞ்சம் சிறிதாக வெட்டி, பேட்சின் முதுகில் வைத்து, காகிதத்தின் மேல் சூடு கொடுத்து, ஆறிய பிறகு காகிதத்தை உரித்தால் அது ஒட்டும் பேட்ச் ஆகிவிடும்.

அடுத்து ஓரத்தைப் பாருங்கள். வட்டம், சதுரம், கேடயம் போன்ற எளிய வடிவங்களுக்குக் கயிறு சுற்றியதுபோல் தடித்த ஓரம் போட்டிருப்பார்கள். இது நூல் பிரியாது, தைக்கவும் வசதி. டிராகன், பூங்கொத்து போல வளைவு நெளிவான வடிவங்களுக்கு அந்த ஓரம் போட முடியாது. நெருக்கமாகத் தைத்துவிட்டுச் சூட்டில் வெட்டியிருப்பார்கள். அவை ஓரத்திலிருந்து நூல் பிரியத் தொடங்கும் என்பதால், அன்றாடம் போடும் உடுப்புக்கு நான் வாங்குவதில்லை.

இவ்வளவு மலிவாக இந்தப் பேட்ச்கள் கிடைப்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1863இல் சுவிட்சர்லாந்தின் ஈசாக் குரோப்லி ஷிஃப்லி என்ற எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார். அதில் ஓடும் நூல்நாடா சிறு படகு வடிவில் இருந்ததால் அந்தப் பெயர். அவர்கள் பேச்சில் ஷிஃப்லி என்றால் குட்டிப் படகு. ஒரே சமயத்தில் பல ஊசிகள் ஒரே பூவைத் தைக்க, கையால் நாள்கணக்கில் போட்ட வேலை மடமடவென்று முடிந்தது.

எந்தத் துணி தாங்கும்

பருத்தி, ஜீன்ஸ் துணி, கேன்வாஸ், பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த பள்ளிச் சட்டை: தாராளமாகப் பதிக்கலாம். நைலான், மழைக்கோட்டு, தோல், ரேயான்: சூடு வைக்காதீர்கள். நைலான் உருகும். மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசிய பூச்சில் பசையும் ஒட்டாது.

விளையாட்டு ஜெர்சி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கேஸ். அது முழுப் பாலியஸ்டர். சூட்டில் உருகாவிட்டாலும் பெட்டி பட்ட இடம் மினுமினுவென்று ஆகிவிடும். அந்த மினுமினுப்பு பிறகு எதற்கும் போகாது. என் கணவரின் பூப்பந்துச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முன்மூக்கு வடிவம் இன்றும் இருக்கிறது. அவரும் அதை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போகிறார். தவிர, இழுபடும் துணிமேல் இழுபடாத பேட்சை ஒட்டினால் சுற்றிலும் சுருக்கம் விழும். ஜெர்சிக்குக் கைத்தையல் மட்டும் போதும்.

சந்தேகம் வந்தால் உள்ளே தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டிப் படத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் அதோடு சரி. ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு புள்ளி ஏறக்குறைய 150 வரை, மூன்று புள்ளி ஏறக்குறைய 200 வரை. பெட்டியின் திருகிலும் பெரும்பாலும் இதே புள்ளிகள்தான் இருக்கும். பேட்ச் பசை நன்றாக உருகப் பொதுவாக இரண்டு புள்ளியாவது வேண்டும். ஒரு புள்ளி மட்டும் தாங்கும் துணிக்கு ஊசியை எடுங்கள்.

ஓட்டையை முதலில் அடையுங்கள்

அலங்காரத்துக்காக மட்டும் பேட்ச் வைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கிழிசலை மறைக்க வைப்பவர்கள் தாண்டக் கூடாது. என் ராக்கெட் கவிழ்ந்தது இங்கேதான்.

திறந்த ஓட்டைமேல் பேட்சை ஒட்டினால் மூன்று கெடுதல்கள். நடுவில் பசைக்குப் பிடிக்கத் துணியே இல்லை. உருகிய பசை ஓட்டை வழியாக இறங்கி மறுபக்கத்தில் ஒட்டும். ஆறிய பிறகு தோலை உறுத்தும். எல்லாவற்றையும்விட, நைந்த ஓரம் பேட்சுக்கு அடியில் தொடர்ந்து நைந்துகொண்டே போகும், நம் கண்ணுக்கும் தெரியாது.

ஆணியில் மாட்டிக் கிழிந்ததுபோல் ஒரே கோடாகவோ மூலையாகவோ கிழிந்திருந்தால், இரண்டு ஓரங்களையும் இழுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சிறு தையல் போட்டுச் சேர்த்துவிடுங்கள். மேலே பேட்ச் வரப்போகிறது. அழகாக இருக்க வேண்டியதில்லை, தட்டையாக இருந்தால் போதும்.

நைந்து நூல்நூலாகத் தொங்கும் முழங்கால் ஓட்டை என்றால் உள்பக்கம் ஒரு தாங்குதுணி வேண்டும். பழைய ஜீன்ஸிலிருந்தோ கெட்டிப் பருத்தியிலிருந்தோ, ஓட்டையைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். உள்பக்கம் வைத்து ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, ஓட்டையின் மேலும் கீழும் சில வரிசை ஓட்டுத்தையல் போடுங்கள். தொங்கும் நூலை வெட்டலாம். நைந்த துணியை வெட்டி ஓட்டையை "சுத்தம்" செய்ய வேண்டாம், இருக்கிற பலமும் போய்விடும். மெல்லிய சட்டைக்கு இந்தத் தாங்குதுணி கனமாகத் தெரியும். அதற்குத் தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் மெல்லிய வகையை ஒரு துண்டு உள்ளே ஒட்டினாலே போதும்.

பேட்ச் ஓட்டையைவிடச் சுற்றிலும் 1 சென்டிமீட்டராவது பெரிதாக, நல்ல துணியில் உட்கார வேண்டும். ஓட்டை அளவுக்கே பேட்ச் வாங்கினால் அதன் ஓரம் நைந்த இடத்திலேயே விழும்.

இடம் குறிப்பது

மேசையில் பரப்பிவைத்து இடம் குறிக்காதீர்கள். உடுப்பைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, பேட்சை வைத்துப் பார்த்து, தையல் சாக்கால் மூன்று நான்கு புள்ளி வையுங்கள். நெஞ்சில் வைக்கும் பேட்ச் மேசையில் நேராகத் தெரியும், உடம்பில் அக்குள் பக்கம் ஒதுங்கிவிடும். முழங்காலுக்கு என்றால் ஒருமுறை உட்கார்ந்தும் பாருங்கள். சட்டைப் பையின்மேல் வைப்பதானால், தைக்கும்போது பையின் வாய் அடைபட்டுவிடாமல் உள்ளே ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். இந்தத் தவற்றைச் செய்யாத ஆள் இல்லை.

சூடு, அழுத்தம், ஆற விடுதல்

முதல்நாளே உடுப்பைத் துவைத்துவிடுங்கள். புதுத் துணி முதல் சலவையில் சுருங்கும், பேட்ச் சுருங்காது. கஞ்சியோ துணி மென்மையாக்கியோ போட்டிருந்தால் அந்தப் படலம் பசைக்கும் நூலுக்கும் நடுவில் நிற்கும் என்பதால், இந்த ஒரு சலவைக்கு வெறும் சோப்புத்தூள் போதும்.

நம் ஊர் ஈரப்பதம் தெரியும்தானே? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்த துணியைத் தொட்டால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். மழை மாதங்களில் உள்ளே ஈரம் மிச்சமிருக்கும். பேட்ச் வைக்கும் இடத்தை மட்டும் முதலில் 15 விநாடி வெறும் இஸ்திரி போடுங்கள். ஈரமும் போகும், துணியும் சூடாகித் தயாராகும்.

பெட்டியில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீராவியை முழுதாக அணையுங்கள். துணி வெளுப்பவர்களால் தோபிகாட் என்ற பெயர் நிலைத்த ஊர் இது. தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போடு என்றால் கை கேட்காது. ஆனால் பேட்சுக்கு ஈரம் ஆகாது. வைத்த சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், பசை அரைகுறையாக உருகும். நீராவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கும் துளைகளையும் நினைவில் வையுங்கள். துளைக்கு நேராக இருக்கும் இடத்தில் சூடு குறைவு. சின்னப் பேட்ச் என்றால் துளை இல்லாத பகுதியால் அழுத்துங்கள்.

இஸ்திரிப் பலகையும் இதற்கு ஏற்றதில்லை. அதன் பஞ்சு மெத்தை நாம் கொடுக்கும் அழுத்தத்தை விழுங்கிவிடும். மரத்தாலான காய்கறி வெட்டும் பலகைமேல் பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் செய்யுங்கள். தரை ஓட்டில் நேராக வைத்தால் ஓடு சூட்டை இழுத்துக்கொள்ளும்.

இனி வேலை. குறித்த இடத்தில் பேட்சை வைத்து, அதன்மேல் மெல்லிய பருத்தித் துணியைப் போடுங்கள். பழைய எட்டு முழ வேட்டியில் கிழித்த துண்டுக்கு இணையே இல்லை. திருகு, உடுப்பின் துணிக்கு ஏற்ற புள்ளியில் இருக்கட்டும். பெட்டியை நேராக மேலிருந்து வைத்து, உடம்புப் பாரம் இறங்கும்படி 30 விநாடி அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பேட்ச் இடம் பெயரும். பேட்ச் பெரிதாக இருந்தால் பெட்டியைத் தூக்கி, கொஞ்சம் முன்னிடத்தையும் சேர்த்து, அடுத்த இடத்தில் வைத்து அழுத்துங்கள்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இது பாதி வேலைதான். பேட்சின் முன்பக்கம் நெருக்கமான நூல் அடுக்கு; சூடு அதைத் தாண்டிப் பசைக்குப் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். அதனால் உடுப்பைப் புரட்டி, உள்பக்கத்திலிருந்து இன்னொரு 30, 40 விநாடி அழுத்துங்கள். அங்கே நடுவில் இருப்பது உடுப்பின் துணி மட்டும்தான் என்பதால் சூடு நேராகப் பசைக்குப் போகும். ஜரிகை, சமிக்கி, ரப்பர் அச்சு உள்ள பேட்ச் என்றால் முன்பக்கச் சூடே வேண்டாம், உள்பக்கம் மட்டும்.

ஜீன்ஸ் காலுக்குள் பெட்டி போகாதே என்று கேட்பீர்கள். பெரியவர்களின் ஜீன்ஸ் என்றால் உள்ளும் புறமும் திருப்பி, காலுக்குள் மடித்த துண்டு ஒன்றைத் திணித்துச் செய்துவிடலாம். சின்னப் பிள்ளையின் ஜீன்ஸ் கால் குறுகல். வெளிப்பக்கத் தையலை முழங்கால் பக்கத்தில் 15 சென்டிமீட்டர் பிரித்துவிட்டால் துணி தட்டையாக விரியும், பிறகு வரும் தையலும் எளிது. பெரும்பாலான ஜீன்ஸில் உள்தொடைப் பக்கம் இரட்டைத் தையல், வெளிப்பக்கம் ஒற்றைத் தையல். அதனால்தான் வெளிப்பக்கத்தைச் சொல்கிறேன்.

அழுத்தி முடித்ததும் இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். பசை சூட்டில் உருகி, அழுத்தத்தில் நூலுக்குள் இறங்கி, ஆறும்போதுதான் இறுகுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அடியை ஈரம் போகத் துடைத்து, பேட்ச்மேல் ஐந்து நிமிடம் வைத்துவிடுங்கள். பாரமும் கிடைக்கும், சூடும் இறங்கும். பிறகு ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எங்காவது தூக்கினால் அங்கே மட்டும் மறுபடி 15 விநாடி.

தையல்

பசை பேட்சை நகராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது குண்டூசியே குத்தாமல் தைக்கலாம். பசையின் உண்மையான உபயோகமே இதுதான்.

பேட்ச் ஓரத்தின் நிறத்தில் பாலியஸ்டர் நூல் எடுங்கள். பருத்தி நூல் சலவையில் சீக்கிரம் நைந்துவிடும். ஒற்றை இழை, முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நீளமான நூல் சிக்கும். முடிச்சைப் பேட்சுக்கு அடியில் மறைக்க இடமில்லை, ஒட்டியாகிவிட்டது. அதனால் உள்பக்கம் முடிச்சுப் போட்டு, ஊசியைப் பேட்ச் ஓரத்தின் வழியாக மேலே கொண்டுவாருங்கள்.

தடித்த ஓரமுள்ள பேட்சில், ஓரத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ஒரு பள்ளம் ஓடுவதைப் பார்க்கலாம். ஊசியை அந்தப் பள்ளத்தில் ஏற்றி, ஓரத்துக்கு வெளியே துணியை ஒட்டி இறக்குங்கள். ஹெம்மிங் போலத்தான். 3, 4 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். நூல் ஓரத்தின் வரிகளோடு கலந்துவிடும், தைத்ததே தெரியாது. மூலைகளிலும் கூர்முனைகளிலும் ஒரே இடத்தில் இரண்டு தையல் போடுங்கள். உரிவது எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

பசையில் போய்வரும் ஊசி கொஞ்ச நேரத்தில் பிசுபிசுக்கும், இழுக்க வராது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும். விரலுக்கு உலோக உறை போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸ், தாங்குதுணி, பேட்ச் என மூன்று அடுக்கைத் தள்ளும்போது ஊசியின் பின்முனை விரலில் இறங்கும். மெஷினில் தைப்பதானால் ஜீன்ஸுக்கு 16ஆம் எண் ஊசி, மெதுவான வேகம்.

பள்ளிச் சீருடையும் பட்டு ரவிக்கையும்

பிள்ளைகளின் பெயர்ப் பட்டையும் பள்ளிச் சின்னமும் பெரும்பாலும் ஒட்டும் வகைதான். சீருடை வாரம் முழுக்கத் துவைபடும் துணி. நான்கு மூலைகளில் மட்டுமாவது தைத்துவிடுங்கள். ஜனவரியில் ஐந்து சட்டைக்கும் உட்கார்ந்து தைப்பது அலுப்புதான். ஆண்டு நடுவில் பெயர் தொலைந்த சட்டையைத் தேடுவது அதைவிட அலுப்பு. முழுதாகத் தைக்காமல் மூலைகளில் மட்டும் தைத்தால், சட்டை அடுத்த பிள்ளைக்குப் போகும்போது கழற்றுவதும் எளிது. தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு பீச் ரோடு ராணுவச் சந்தை தெரிந்த இடம். கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் இருக்கிறது. பெயர்ப் பட்டையும் சின்னங்களும் அங்கே கிடைக்கும்.

தீபாவளிக்கு முன்னால் வரும் இன்னொரு கேள்வி: ரவிக்கையில் ஜரிகைப் பேட்ச் ஒட்டலாமா? பட்டு இரண்டு புள்ளிச் சூடு தாங்கும் என்றாலும் நான் ஒட்ட மாட்டேன். மெல்லிய பட்டில் பசை ஊறி, எண்ணெய்க் கறைபோல் மறுபக்கம் தெரியும். அதை எடுக்க வழியில்லை. லைனிங்கோடு சேர்த்துப் பிடித்துக் கையால் தைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பேட்ச் செய்யக் கொடுத்தால்

சங்கத்துக்கோ குடும்ப ஒன்றுகூடலுக்கோ தமிழ் எழுத்துப் போட்ட பேட்ச் வேண்டும் என்றால், இரண்டு விஷயங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஒன்று, எழுத்தின் அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்து 5, 6 மில்லிமீட்டர் உயரத்திலேயே தைத்து வரும். நம் ண, ஞ, னை போன்றவற்றில் சுழிகள் அதிகம். அந்த அளவில் நூல் சுழிக்குள் நிரம்பி எழுத்து ஒரு கட்டியாகிவிடும். 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவும் எழுத்திலிருந்து தள்ளியும் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, எழுத்து உடைவது. தமிழ் தெரியாத கணினியில் எழுத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி தனியே நிற்கும். நாங்கள் ஒருமுறை கொடுத்த இருபது பேட்சில் "கொண்டாட்டம்" என்ற சொல்லின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. எழுத்தைத் தட்டச்சாக அனுப்பியது எங்கள் தவறு. படமாக, அல்லது எழுத்துகளை வரைகோடாக மாற்றிய கோப்பாக அனுப்புங்கள். ஒரு மாதிரி தைத்து வந்த பிறகு, தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணால் பார்த்து, அதற்குப் பின்னரே மீதிக்குச் சரி சொல்லுங்கள்.

துவைப்பதும் கழற்றுவதும்

பதித்த உடுப்பை ஒருநாள் துவைக்காமல் வையுங்கள். அப்புறம் உள்ளும் புறமும் திருப்பி, சலவை வலைப்பையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் துவைக்கலாம். உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பசை சூட்டிலேயே இளகும்.

கழற்ற வேண்டுமானால் தையலை வெட்டிவிட்டு, துணி போட்டு 15 விநாடி சூடாக்கி, சூடு இருக்கும்போதே ஓரத்தைச் சாமணத்தால் பிடித்து மெல்ல இழுங்கள். வராவிட்டால் மறுபடி சூடு. பலத்தைக் காட்டினால் துணி கிழியும். மிச்சப் பசைமேல் பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரி போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்துக்கு ஏறும். இரண்டு மூன்று காகிதம் மாற்றுங்கள். சுற்றியுள்ள துணி வெளுத்து, பேட்ச் இருந்த இடம் மட்டும் அடர்நிறமாகத் தெரிந்தால் அதற்கு மருந்து இல்லை. அதைவிடப் பெரிய பேட்ச் ஒன்றை அங்கே வைக்க வேண்டியதுதான்.

என் ராக்கெட்டையும் அப்படித்தான் ஜீன்ஸிலிருந்து எடுத்தேன். இப்போது அது மகனுடைய புத்தகப் பையில் இருக்கிறது. பை நைலான், சுற்றிலும் கைத்தையல் மட்டும்.